கேளுங்கள், சொல்கிறேன்: லாட்ஜ் தெருவில் ஓர் ஓவியக்கூடம்

போன இதழில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கிற தெருக்களில் ஏதாவது ஒன்றில் அரசோ மாநகராட்சியோ ஒரு பொது ஓவியக்கூடம் திறக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் கூடாது என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி 'சபாஷ்', மீதி 'உங்களுக்கு வேறு வேலை இல்லையா'. சபாஷ் போட்டவர்களுக்கு நன்றி. விஷயமுள்ள கேள்விகளைக் கேட்டவர்கள் என்னவோ இரண்டாவது கோஷ்டிதான், அதனால் இந்த முறை அவர்களுக்கே முன்வரிசை.

கேள்வி: நான் லாட்ஜ் நடத்துகிறேன். இங்கே தங்குகிறவர்கள் எல்லாம் வெளிமாநில நோயாளிகளும் அவர்கள்கூட வந்தவர்களும்தான். தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களுக்கோ நேரமில்லை. நீங்கள் சொல்கிற கூடத்துக்கு யார் சார் வருவார்கள்?
(லாட்ஜ் உரிமையாளர், காந்தி ரோடு, வேலூர்)

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள் அண்ணே. கூட வந்தவர்கள் வருவார்கள். விடியற்காலையில் ஓ.பி. வரிசை, அப்புறம் ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட் நாளைக்கு என்பார்கள், டாக்டர் நாளன்றைக்கு என்பார்கள். இடையில் கிடக்கிற அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் காந்தி ரோட்டை மேலும் கீழும் அளக்கிறார்கள், கோட்டைப் பூங்காவில் போய் உட்காருகிறார்கள், ஒரு தடவை ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு ஷேர் ஆட்டோ ஏறுகிறார்கள், மிச்ச நேரமெல்லாம் உங்கள் லாட்ஜ் அறையில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். கொல்கத்தா, ராஞ்சி, குவாஹாட்டி, அகர்தலா, டாக்கா என்று அத்தனை ஊர் ஆட்களும் கையில் நேரத்தோடு ஒரே தெருவில் இருக்கிற இன்னொரு ஊரைத் தமிழ்நாட்டில் காட்டுங்கள், பார்ப்போம்.

மொழி ஒரு தடை என்கிறீர்கள். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒயிட்சேப்பல் என்று ஒரு பேட்டை இருக்கிறது. துறைமுகக் கூலிகள், தையல்காரர்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்கள் என்று நெருக்கியடித்துக் கிடந்த ஏழை வட்டாரம். அங்கே பாதிரியாராக இருந்த சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் 1881-இல் தேவாலயத்தை ஒட்டியிருந்த பள்ளி அறைகளில் ஒரு காரியம் செய்தார்கள். பணக்காரர்கள் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த நல்ல ஓவியங்களை இரவல் வாங்கிவந்து பேட்டை ஜனங்களுக்குக் காட்டினார்கள். வருஷா வருஷம் அது நடந்து, கடைசியில் 1901-இல் ஒயிட்சேப்பல் காலரி என்று சொந்தக் கட்டிடமே எழும்பியது. முதல் கண்காட்சிக்கே இரண்டு லட்சத்துக்கு மேல் கூட்டம். வந்தவர்களில் பலருக்கு வீட்டில் பேசுகிற மொழி ஆங்கிலம் இல்லை, இத்தீஷ் என்கிற யூதர் மொழி.

இதில் எனக்குப் பிடித்தது கட்டிடமோ கூட்டமோ இல்லை, ஞாயிற்றுக்கிழமை. பார்னெட் ஞாயிறன்று கதவைத் திறந்து வைத்தார். ஓய்வு நாளில் இதெல்லாம் கூடாது என்று சொந்த மதத்துக்காரர்களே சண்டைக்கு வந்தார்கள், அவர் மசியவில்லை. உழைக்கிறவனுக்கு ஓய்வு கிடைப்பதே அன்றைக்குத்தான், அன்றைக்கு மூடி வைத்தால் யாருக்காகக் காட்சி? நம் மாநிலத்தில் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. வேலூர்ச் சைதாப்பேட்டையிலும் ஆர்.என். பாளையத்திலும் இருக்கிற முஸ்லிம் குடும்பங்களில் பலர் ஜும்மா முடிந்து ஓய்வாக இருக்கிற நாளும் அதே வெள்ளிதான். வேலூரில் புதிதாக ஒன்று திறப்பதாக இருந்தால் எந்த நாள் மூடுவது என்பதைப் பேட்டையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: சரி, திறந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் கண்காட்சியாக எதை வைப்பீர்கள்?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

தம்பி, இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வேலூரையும் வங்காளத்தையும் சேர்த்து வைப்பேன்.

ஏன் என்று கேள். 1799-இல் திப்பு சுல்தான் விழுந்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்துப் பெண்களையும் கம்பெனிக்காரர்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி முடிந்ததும், இவர்கள் இங்கே இருந்தால் ஆபத்து என்று திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அந்த மகன்களில் ஒருவரான குலாம் முகம்மது பிற்பாடு அங்கே கட்டியதுதான் தர்மதலாவில் இருக்கிற திப்பு சுல்தான் மசூதி. கொல்கத்தாவிலிருந்து வந்து பாபுராவ் தெருவில் தங்கியிருக்கிற ஒருவர் அந்த மசூதியைப் பஸ்ஸில் ஆயிரம் முறை கடந்திருப்பார். அதைக் கட்டியவர் சிறுவயதில், இந்தக் கொல்கத்தாக்காரர் இப்போது உட்கார்ந்திருக்கிற கோட்டை அகழிக்கு அந்தப் பக்கம்தான் அடைபட்டிருந்தார் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? குடும்பத்தில் இங்கேயே தங்கி இங்கேயே இறந்தவர்களின் கல்லறைகள் வேலூரில் இன்றும் இருக்கின்றன. நம்மவர்களிலேயே எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்? ஒரு சுவரில் கல்லறைகளின் படங்கள், எதிர்ச் சுவரில் தர்மதலா மசூதியின் படங்கள், நடுவில் 1806.

அடுத்த அறை தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்கு. இன்றைய வங்கதேசத்தில் இருக்கிற ரங்பூர்ப் பக்கம் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வராக வந்து பல வருஷம் இருந்தவர். மெரினாவில் நான்கு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலை அவர் செய்தது. மெரினாவுக்குப் போகிற எந்தத் தமிழனும் அதன் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுக்காமல் வருவதில்லை, செய்தது யார் என்று கேட்டால் மட்டும் தெரியாது. அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். நாம் இன்றைக்குச் சென்னை ஓவியம் என்று பெருமை பேசுகிறதில் ஒரு பெரிய பங்கு வங்காளத்து ஆள் ஒருவர் போட்ட அடித்தளம். அந்த ஊர் ஜனங்கள் வாரக்கணக்கில் தங்குகிற ஊரில் இதைச் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

கேள்வி: சிகிச்சைக்காக நிலத்தை விற்றுவிட்டு வருகிறவர்களைப் பல வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மருந்துக்கே காசில்லாதவர்களிடம் ஓவியம் பாருங்கள் என்று சொல்வது கொஞ்சம் கொடுமையாக இல்லையா?
(ஓய்வுபெற்ற செவிலியர், பாகாயம்)

அம்மா, நியாயமான கோபம். ஓவியம் பார்த்தால் நோய் குணமாகும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். மருந்துக்கு வைத்திருக்கிற காசில் கை வைக்கிற எதுவும் வேண்டாம். அதனால்தான் கட்டணம் கூடாது என்று எழுதினேன்.

ஆனால் ஏழைக்கு ஓவியம் எதற்கு என்ற கேள்வியைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறேன். மறுபடி அதே ஒயிட்சேப்பல். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குவெர்னிகா என்ற ஊரின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டதைப் பிக்காசோ 1937-இல் வரைந்தார். ஏழே முக்கால் மீட்டர் நீளம், கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் கிடையாது. அந்த ஓவியம் 1939 ஜனவரியில் ஒயிட்சேப்பலுக்கு வந்தபோது, ஸ்பெயினில் போராடுகிறவர்களுக்கு அனுப்ப ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டு வாருங்கள், அதுவே நுழைவுச் சீட்டு என்றார்கள். கொண்டுவந்த பூட்ஸ்களை ஓவியத்தின் அடியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். மாற்றுச் செருப்புக்கு வழியில்லாத பேட்டை அது. கொடுத்தவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நான் கேட்கிற கூடத்தில் ஓவியத்துக்கு முன்னால் வர வேண்டியவை வேறு: சாய்ந்து உட்கார முதுகு வைத்த பெஞ்சு, மின்விசிறி, குடிதண்ணீர், சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளம், சுத்தமான கழிப்பறை. வேலூர் மே மாத வெயிலில் இவற்றுக்காகவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டு ஒரு படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் போகிறவரையும் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது.

கேள்வி: ஐயா, நான் போர்டு எழுதுகிற பெயின்டர். ஃப்ளெக்ஸ் வந்ததும் தொழில் போச்சு. ஒரு காலத்தில் லாட்ஜ், மெடிக்கல், மீன் சாப்பாட்டுக் கடை எல்லாவற்றுக்கும் தமிழ், இந்தி, உருது, பெங்காலி நாலும் எழுதினேன். பெங்காலி படிக்கத் தெரியாது, பேப்பரில் எழுதிக் கொடுப்பார்கள், பார்த்து எழுதுவேன். ஒரு தடவை சென்னையில் ஒரு கேலரிக்குள் போகப் பார்த்தேன், வாசலில் இருந்தவர் என் செருப்பையும் சட்டையையும் பார்த்துவிட்டு 'யாரைப் பார்க்கணும்' என்றார், திரும்பி வந்துவிட்டேன். எங்கள் மாதிரி ஆட்கள் எழுதியது கலையா, இல்லையா?
(பெயின்டர், கஸ்பா, வேலூர்)

ஐயா, நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பழைய போர்டின் போட்டோவை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத்தில் எனாமல் பெயின்ட், மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து, எழுத்துக்குப் பின்னால் நீல நிழல். மேலே தமிழ், நடுவில் பெங்காலி, கீழே உருது. தமிழுக்கு மேலும் கீழும் இரண்டு சாக்பீஸ் கோடு அடித்திருக்கிறீர்கள், அழித்தும் லேசாகத் தெரிகிறது. பெங்காலிக்குக் கோடு அடிக்கவில்லை, தேவையும் இல்லை, அந்த எழுத்துக்கே மேல் கோடு இருக்கிறது, எழுத்துகள் அதில் தொங்குகின்றன. உருது வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்குகிறது. தரையில் உட்கார்ந்த எழுத்து, தொங்குகிற எழுத்து, சரிகிற எழுத்து, மூன்றையும் ஒரே தகரத்தில் இடம் பிரித்து, ஒன்றும் ஒன்றை நசுக்காமல், மூன்றுக்கும் ஒரே கனம் வருகிற மாதிரி பிரஷ்ஷைத் திருப்பியிருக்கிறீர்கள். படிக்கத் தெரியாமல் இதைச் செய்ததால்தான் எழுத்தின் உருவத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கலையா என்றால், ஆமாம். இதைவிடத் தெளிவாக இந்தப் பேட்டையின் கதையைச் சொல்கிற படம் எதுவும் எனக்குத் தெரியாது. எங்காவது பழைய போர்டு குடோனில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். துரு ஏறிய இடத்தில் புது பெயின்ட் அடிக்கவும் வேண்டாம், துணியால் துடைத்து ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், போதும்.

அந்த வாசல்காரரைப் பற்றி: பெரிய கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி., ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து பார்க்காத ஒரு முகம். நன்றாகச் சட்டை போட்டவர்களே தயங்குகிற அமைப்பு அது. பொதுப்பணத்தில் நடக்கிற எந்தக் கூடத்திலும் 'யாரைப் பார்க்கணும்' என்ற கேள்வியைத் தடை செய்ய வேண்டும். 'வாங்க' என்றால் போதாதா?

கேள்வி: எங்கள் நானிம்மா பழைய துணிகளை அடுக்கித் தைத்த ரஜாய் ஒன்று வீட்டில் இருக்கிறது. மருமகள் தூக்கிப் போடச் சொல்கிறாள். இதையெல்லாம் கண்காட்சியில் வைப்பார்களா?
(இல்லத்தரசி, சைதாப்பேட்டை, வேலூர்)

வைத்திருக்கிறார்கள் ஆபா. 1988-இல் ஒயிட்சேப்பலில் வங்கதேசத்து மஸ்லின் என்கிற மெல்லிய பருத்தித் துணிக்கும் காந்தா தையலுக்கும் என்றே தனியாக ஒரு கண்காட்சி நடந்தது. காந்தா என்பது உங்கள் நானிம்மா செய்த அதே ஜாதி வேலைதான். கட்டி நைந்த புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய கலர் நூலாலேயே நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, அந்தத் தையலிலேயே பூவும் மீனும் யானையும் கொண்டுவருவார்கள். அதற்குள் அந்தப் பேட்டையில் யூதர்கள் குறைந்து சில்ஹெட் பக்கத்து வங்காளிகள் நிறைந்துவிட்டார்கள். பக்கத்தில் பிரிக் லேன் தெருவில் ஒரே கட்டிடம் 1743-இல் பிரெஞ்சு அகதிகளின் தேவாலயமாகத் தொடங்கி, 1898-இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976-இல் மசூதியானது என்றால் பேட்டை எப்படி மாறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலரியும் ஜனங்களோடு சேர்ந்து மாறியது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ரஜாயை மருமகளிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. மடித்த மடிப்பிலேயே வருஷக்கணக்கில் வைக்காதீர்கள், மடிப்பில் துணி அறுந்துவிடும். சுத்தமான காடாத் துணியோடு சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். நாப்தலின் உருண்டை துணியில் நேராகப் படக் கூடாது. யார் தைத்தது, எந்த ஊரில், யார் கல்யாணத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் இன்னும் ஐம்பது வருஷத்தில் அது வெறும் பழைய துணி.

கேள்வி: மாடர்ன் ஆர்ட் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. புரியாததை எதற்குப் பார்க்க வேண்டும்?
(வாசகர், ஆரணி)

புரியாவிட்டால் அடுத்த படத்துக்குப் போங்கள், அபராதம் கிடையாது. நாதஸ்வரத்தில் என்ன ராகம் என்று தெரியாமலே கல்யாணத்தில் தலையாட்டுகிறோமே. முதலில் நிறத்தைப் பாருங்கள், பெயின்ட் தடிப்பாக இருக்கிறதா தண்ணியாக இருக்கிறதா பாருங்கள், கை வேகமாகப் போயிருக்கிறதா தயங்கியிருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கிற காகிதத்தைக் கடைசியில் படியுங்கள். அந்தக் காகிதமே புரியவில்லை என்றால் தப்பு எழுதியவர் மேல்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போக இருக்கிறேன். போன வருஷம் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு 'ஐஸ்கிரீம் எங்கே மிஸ்' என்றார்கள். என்ன செய்யலாம்?
(அரசுப் பள்ளி ஆசிரியை, குடியாத்தம்)

டீச்சர், பிள்ளைகள் மேல் தப்பில்லை, எல்லாவற்றையும் காட்ட நினைத்ததுதான் சிக்கல். இந்தத் தடவை இரண்டே இரண்டு.

முதலில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். வேலூர்க்காரர்கள் இதை ஒரு கலைக்கூடமாக நினைப்பதில்லை, கோயில் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம். இந்த மண்டபத்தைப் பிரித்துக் கப்பலில் லண்டனுக்கு ஏற்ற வெள்ளைக்காரர்கள் திட்டம் போட்டார்கள், வர வேண்டிய கப்பல் வழியில் கவிழ்ந்ததால் மண்டபம் தப்பியது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையோடு ஆரம்பியுங்கள், பிள்ளைகள் கப்சிப். அப்புறம் காளையும் யானையும் ஒரே தலையில் சேர்ந்த சிற்பத்தைத் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததும், கொஞ்சம் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி, உள்ளங்கையால் ஒரு பக்கத்து உடம்பை மறைக்கச் சொல்லுங்கள்: காளை மட்டும் தெரியும். மறு பக்கத்தை மறைத்தால் யானை. கண்ணும் காதும் இரண்டுக்கும் எப்படிப் பொதுவாகிறது என்று அவர்களே வரைந்து பார்க்கட்டும். மேற்கூரையைப் பார்க்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி கொண்டுபோங்கள், கையில் படுக்க வைத்துப் பார்த்தால் கழுத்து வலிக்காது, கூரையே கைக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, கோட்டைக்குள்ளே இருக்கிற அரசு அருங்காட்சியகத்தில் இலங்கையில் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பொருள்கள். 1815-இல் பிடிபட்டு, அடுத்த வருஷம் இங்கே கொண்டுவரப்பட்டு, 1832-இல் சாகும்வரை இந்தக் கோட்டையில் இருந்தவர். ராஜ்ஜியம் போன ராஜா கைதியாக உட்கார்ந்து சதுரங்கத்தில் ராஜாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருப்பார் என்று சொல்லிப் பாருங்கள், கேள்விகள் வரும்.

பஸ்ஸில் திரும்பும்போது சொல்ல ஒரு கதை: செங்கத்துக்கு அந்தப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சண்டையில் செத்த வீரனோடு அவன் நாயையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி, அந்த நாயின் பெயரையும், கோவிவன் என்று, பொறித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிவிடாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

கேள்வி: கேலரி, காபி ஷாப் எல்லாம் வந்தால் வாடகை ஏறும். ஏற்கெனவே லாட்ஜ்காரர்களால் எங்களுக்கு வீடு கிடைப்பதில்லை.
(வாடகைதாரர், தோட்டப்பாளையம்)

பயம் நியாயம். லண்டனின் அந்தக் கிழக்குப் பகுதியிலேயே முதலில் ஓவியர்கள் வந்தார்கள், பின்னால் கடைகள் வந்தன, அதற்கும் பின்னால் பழைய குடித்தனக்காரர்கள் கட்ட முடியாத வாடகை வந்தது. அதற்காகத்தான் தனியார் பிரம்மாண்டம் வேண்டாம், சும்மா கிடக்கிற ஒரு அரசுக் கட்டிடத்தில் இரண்டு அறை போதும் என்கிறேன். தோட்டப்பாளையத்து வாடகையை ஏற்ற அதற்குச் சக்தி கிடையாது. ஏற்றுகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும், இந்தப் பகுதியின் முதல் கேள்வியைக் கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: நான் வாட்டர்கலர் வரைகிறேன். சொந்த ஊரிலேயே கண்காட்சி வைக்க ஆசை. இடமும் இல்லை, காசும் இல்லை.
(இளைஞர், ராணிப்பேட்டை)

தம்பி, ஆடி மாதமும் மார்கழியும் உன் மாதங்கள். கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். சின்ன மண்டபத்துச் சொந்தக்காரரிடம் போய் இரண்டு நாளைக்குக் கரண்ட் பில் மட்டும் கொடுக்கிறேன் என்று கேட்டுப் பார். மறுத்தால் அடுத்த மண்டபம்.

மாட்டுவதில் கவனம் வேண்டும். படத்தின் மையம் தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக, 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வர வேண்டும், எல்லாப் படத்துக்கும் அதே கணக்கு. நம் ஆட்கள் சாமி படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள், பார்ப்பவர் அண்ணாந்தே நிற்க வேண்டும். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அதிகம் என்றால் இன்னும் இறக்கு. வாட்டர்கலருக்கு வெளிச்சம்தான் எமன். அருங்காட்சியகங்களில் காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவில்தான் விளக்கு வைப்பார்கள், அது சாயங்கால வராண்டா வெளிச்சம் மாதிரி மங்கலானது. ஜன்னல் வெயில் நேராக விழுகிற சுவரை விட்டுவிடு. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையில் மவுன்ட் அட்டை இல்லாமல் பிரேம் போடாதே, ஐப்பசி மழையில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும்.

விற்பனைக்கு வந்தால்: தனியார் கேலரிகள் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம், அதை எழுத்தில் வாங்கிக்கொள். சென்னைக்குப் போனால் கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் காட்சிக்கூடங்களைப் போய்ப் பார், இடம் கேட்பது எப்படி என்று அங்கேயே விசாரி. ஆனால் முதல் கண்காட்சி ராணிப்பேட்டையிலேயே நடக்கட்டும். தோல் தொழிற்சாலையிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிறவர் பார்க்கிற நேரத்துக்குத் திறந்து வை, காலை பதினொரு மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றி யாருக்குக் காட்டப்போகிறாய்?

கேள்வி: ஒரு கண்காட்சியில் என் மகன் சிலையைத் தொட்டுவிட்டான், காவலர் கத்திவிட்டார். கோயிலில் தொட்டுக் கும்பிடுகிறோம், இங்கே மட்டும் ஏன் கூடாது?
(வாசகி, சத்துவாச்சாரி)

நல்ல கேள்வி, பையனைத் திட்டாதீர்கள். விரலில் உப்பும் எண்ணெயும் எப்போதும் இருக்கிறது. ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது, தினம் நூறு பேர் தொட்டால் வெண்கலம் நிறம் மாறும், கல் கறுத்து மினுமினுப்பாகும், காகிதமும் துணியும் வீணாகும். கோயிலில் விக்கிரகத்துக்கு எண்ணெய்க் காப்பு உண்டு, தேய்ந்தால் தேயட்டும், அது வழிபாட்டில் இருக்கிற பொருள். கண்காட்சிப் பொருளுக்கு அந்தப் பராமரிப்பு கிடையாது, இருப்பதை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற வேண்டும்.

ஆனால் காவலர் கத்தியது தப்பு. எந்தக் கூடத்திலும் தொட்டுப் பார்க்க என்றே நாலு பொருள் தனியாக வைக்க வேண்டும், கண் தெரியாதவர்களுக்கு அது ஒன்றுதான் வழி. அதுவரை நீங்கள் காட்பாடிப் பக்கம் கரிகிரிக்குப் போய் மெருகு பூசிய ஒரு குவளை வாங்கிப் பையன் கையில் கொடுங்கள். வெளிப்பக்கம் வழவழப்பு எங்கே முடிகிறது, அடியில் மண் எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடித் தடவிச் சொல்லட்டும். உடைத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.